உங்களுக்குத் தெரியுமா? – ஃபைனைட் எலிமென்ட்

★ பாலமோ அணைச் சுவரோ, எதுவானாலும் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் எளிய சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் தீர்ப்பதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. உள்ளீடற்ற சதுரத் தண்டு ஒன்றை முறுக்கினால் என்ன ஆகும் என்பதை, முக்கோணங்களைக் கொண்டு 1943-லேயே கணக்கிட்டுக் காட்டினார் கணித மேதை ரிச்சர்ட் கூரான்ட். விமானச் சிறகுகளின் உறுதியை ஆராய்ந்த பொறியாளர்கள் 1950-களில் வேறு பாதையில் இதே இடத்துக்கு வந்தார்கள். பெயர் வைத்தவர் ரே கிளஃப், 1960-ல்.

★ 10 லட்சம் முனைகள் (துண்டுகள் சந்திக்கும் புள்ளிகள்) உள்ள கணக்கின் சமன்பாடுகளை அடக்கிய அணியை முழுதாகச் சேமிக்க 8 டெராபைட் வேண்டும். ஆனால் கனசதுரத் துண்டுகளாலான வலையின், அதாவது மெஷ்ஷின், உட்பகுதியில் ஒரு முனைக்குத் தன்னையும் சேர்த்து 27 முனைகளோடுதான் உறவு. அணியில் மற்ற இடமெல்லாம் பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியங்களைச் சேமிக்காமல் விட்டால் சில நூறு மெகாபைட் போதும். சாதாரண லேப்டாப்பிலும் இந்தக் கணக்கு ஓடுவது இதனால்தான்.

★ ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் தொடங்கி, 2007-ல் வில்கின்சன் பரிசு பெற்ற ‘டீல் டூ’ என்ற ஃபைனைட் எலிமென்ட் நிரல் லைப்ரரியில், பரிமாணத்தைக் குறிக்கும் 2-ஐ 3 என்று மாற்றினால், அதே நிரல் முப்பரிமாணக் கணக்கைத் தீர்க்கும். ‘ஃபீனிக்ஸ்’ லைப்ரரியில் தாளில் எழுதும் தொகையீட்டை ஏறக்குறைய அப்படியே எழுதினால், அதற்கான சி நிரலை அதுவே உருவாக்கிக்கொள்ளும். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தின் ‘பெட்ஸி’யிலோ, நிரலைத் திரும்பக் கம்பைல் செய்யாமல், ஓட்டும்போது ஒரு சொல் சேர்த்தே துண்டுகளில் பயன்படும் பல்லுறுப்புக்கோவையின் படியை உயர்த்தலாம்.

★ இவ்வளவு வசதி இருந்தும் மெஷ்ஷைத் தேர்வது மனிதர்தான். அங்கே தவறினால் என்ன ஆகும் என்பதை நார்வே பார்த்தது. 1991 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டவாங்கர் நகருக்கு அருகே, ‘ஸ்லைப்னர் ஏ’ எண்ணெய்த் தளத்தின் பிரம்மாண்டமான கான்கிரீட் அடித்தளம் சோதனைக்காக நீரில் இறக்கப்பட்டபோது, சுவர் பிளந்து மூழ்கியது. அடித்தளத்தின் உள்ளறைகள் சந்திக்கும் முக்கிய மூலைகளில் மெஷ் பொருத்தமாக அமையாததால், அங்கே எழும் வெட்டு அழுத்தம் 47% குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது. அதற்கேற்பச் சுவரின் கனமும் கம்பியும் போதாமல் போயின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பின்னர் கவனமாகச் செய்த கணக்கு, 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்றது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில்! முறையில் குறையில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

★ நிரல் சரியா என்று பார்க்க ஓர் அருமையான வழி: விடையை முதலில் நாமே எழுதிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் கேள்வியைப் பின்னோக்கிக் கண்டுபிடித்துக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது. விடை வழவழப்பான சார்பாக இருந்து, நேரியல் துண்டுகளைப் பயன்படுத்தினால், துண்டின் நீளத்தைப் பாதியாக்கும்போது சராசரிப் பிழை ஏறக்குறைய கால்பங்காகக் குறைய வேண்டும். இருபடித் துண்டுகளில் எட்டில் ஒரு பங்காக. பாதிதான் குறைகிறது என்றால், படம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் நிரலில் எங்கோ தவறு இருக்கிறது. எல்லை நிபந்தனைகளிலிருந்து தேடத் தொடங்குங்கள்.