தண்ணீர் கட்டிப் பார்த்தீர்களா?

கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, "சார், எங்க பாத்ரூம் சீலிங் சொட்டுது" என்று சொன்ன பிறகுதான், தங்கள் பாத்ரூமில் என்ன வேலை நடந்தது என்று பலர் யோசிக்கவே தொடங்குகிறார்கள். ஆறு மாதம் முன்புதான் லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்து டைல்ஸ் மாற்றியிருப்பார்கள். பில் இருக்கிறதா? இல்லை. வாட்டர் புரூஃபிங்குக்கு என்ன அடித்தார்கள்? "ஏதோ நல்ல கம்பெனி மருந்துதான்." மேஸ்திரிக்கு போன் போட்டால் எடுப்பதில்லை. இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்ற நம்பிக்கைதான் முதல் தப்பு. இடுக்குகளில் அடைத்த கிரவுட் வழியாக ஈரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அதைத் தடுப்பது அடியில் இருக்கும் பூச்சு. அந்தப் பூச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரே சமயம்தான் உண்டு. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு.

பழைய டைல்ஸையும் அதன் அடிக் கலவையையும் கான்கிரீட் தெரியும்வரை கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். பழைய டைல்ஸ் மேலேயே புதிது ஒட்டலாம் என்று சொல்பவரிடம், ஏற்கெனவே கசியும் பாத்ரூமை ஒப்படைக்காதீர்கள். சுவருக்குள் போகும் பைப்புகளில் தண்ணீரை அழுத்தம் கொடுத்து நிறுத்திச் சோதித்த பிறகே பூசி மூட வேண்டும். கசிவு பெரும்பாலும் தரையின் நடுவில் வருவதில்லை. தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பைச் சுற்றி, பைப் ஸ்லாபைத் துளைக்கும் இடத்தில், தரையும் சுவரும் சேரும் மூலையில்தான் வருகிறது. இந்த இடங்களை முதலில் அடைத்து, மூலைகளை உருட்டிப் பூசிவிட்டு, அதன் மேல் இரண்டு கோட் அடிக்க வேண்டும்; முதல் கோட் காய்ந்த பிறகு, இரண்டாவது அதற்குக் குறுக்காக. ஷவர் பக்கச் சுவரில் ஆறேழு அடி உயரத்துக்கும், மற்ற சுவர்களில் ஓர் அடிக்காவதும் பூச்சு ஏற வேண்டும்.

பூச்சு காய்ந்ததும் டிராப்பை அடைத்து, இரண்டு மூன்று அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணி நேரம் விடுங்கள். கீழ் வீட்டில் சொல்லி அவர்கள் சீலிங்கையும் பாருங்கள். "நாளைக்கு வேற சைட் இருக்கு சார், ஒட்டிடலாம்" என்று மேஸ்திரி அவசரப்படுத்துவார். வீட்டுக்காரர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். ஒட்ட விடாதீர்கள். கோடு, தண்ணீர், காலி மருந்து டப்பாவில் அச்சிட்ட பெயர், பேட்ச் எண் எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுங்கள். டைல்ஸ் ஒட்டிவிட்டால் குறையோடு சாட்சியும் உள்ளே புதைந்துவிடும்.

கீசர் வைத்த பாத்ரூம் என்றால், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமும் கரண்டும் சேரும் இடம் அது.

இனி காகிதம். சதுர அடிக் கூலி, மருந்தின் பெயர், எத்தனை கோட், தண்ணீர் கட்டும் நாள், எத்தனை வருட உத்தரவாதம் என்று எழுதிய கொட்டேஷனில் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். கடைசித் தவணையைத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள்.

பிறகும் கசிந்தால், முதலில் மேஸ்திரிக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, நகலும் ரசீதும் வையுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். வேலைக்குக் கொடுத்தது 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் குறை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். "அடுத்த மாசம் வர்றேன்" என்று மேஸ்திரி சொல்வதை நம்பியே இந்த இரண்டு வருடத்தைத் தொலைப்பவர்கள் பலர்.

புது ஃபிளாட்டாக இருந்தால் கணக்கு வேறு. ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவான திட்டத்தில், சாவி வாங்கிய ஐந்து வருடத்துக்குள் வேலைத் தரக் குறையை எழுத்தில் தெரிவித்தால், பில்டர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு அப்படிச் சொல்கிறது. செய்யாவிட்டால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் பலர் டிசைன் பிடிக்கவில்லை என்று பால் காய்ச்சிய மறுவாரமே டைல்ஸை இடிக்கிறார்கள். "நீங்கள்தானே இடித்தீர்கள்" என்று பில்டர் கேட்டால் பதில் ஏது?

நீங்கள் கீழ் வீட்டில் இருப்பவர் என்றால் வழி வேறு. மேல் வீட்டுக்காரர் கசிவைச் சரிசெய்ய மறுத்தால், பலர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். அங்கே சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள். நுகர்வோர் ஆணையமும் உதவாது, அவர் உங்களுக்கு எதையும் விற்கவில்லை. அசோசியேஷனுக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால், கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரச மனு கொடுங்கள். செலவில்லை, லோக் அதாலத்தில் முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். உதவி எண் 15100.

இந்த வாரம் டைல்ஸ் ஒட்ட நாள் குறித்திருக்கிறவர்கள், இரண்டு நாள் தள்ளிப்போட்டுத் தண்ணீர் கட்டிப் பாருங்கள்.