இருபத்தெட்டு ஆடலாம், வாருங்கள்!

தம்பி, தங்கைகளே! வாத்தியாராக இருந்தவர் சீட்டாட்டம் சொல்லித் தருகிறாரே என்று உங்கள் வீட்டில் முகம் சுளிக்கலாம். காசு வைத்து ஆடும் சீட்டு குடும்பத்தைக் கெடுக்கும். அதில் எனக்கும் சந்தேகம் இல்லை. நான் சொல்லப்போவது காசே வேண்டாத ஆட்டம். பெயர் 'இருபத்தெட்டு'. நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பக்கத்துக் கேரளத்திலும் ஆடுவது. தாத்தாவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள், கண் மலரச் சொல்வார்கள்.

நாலு பேர் வேண்டும். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். சீட்டுக்கட்டில் 2 முதல் 6 வரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். மீதி 32 சீட்டு, ஆளுக்கு 8. இங்கே ராஜாவுக்கு மதிப்பே கிடையாது! ஜாக்கிதான் பெரியவர், 3 புள்ளி. அடுத்து ஒன்பது, 2 புள்ளி. பிறகு ஏஸ் 1, பத்து 1. ராஜா, ராணி, எட்டு, ஏழு வரிசையாகக் கீழே, புள்ளி இல்லை. ஓர் இனத்துக்கு 7 புள்ளி, நாலு இனத்துக்கு 28. பெயர்க் காரணம் புரிந்ததா?

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு மட்டும். பங்கிடுவதும் ஆடுவதும் வலப்பக்கமாகச் சுற்றி வரும். பாதிக் கையைப் பார்த்தே, 'எங்கள் ஜோடி இத்தனை புள்ளி எடுக்கும்' என்று கேட்க வேண்டும். குறைந்தது 14. அதிகம் கேட்டவர் தன் சீட்டு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அந்த இனம்தான் துருப்பு. பிறகு மீதி நாலு சீட்டு. இறக்கிய இனத்தையே மற்றவர்களும் போட வேண்டும். அந்த இனம் கையில் இல்லாதவர் துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டலாம். திறக்கும்வரை அது என்ன என்று கூட்டாளிக்குக்கூடத் தெரியாது!

இதோ ஒரு கணக்கு. முதல் சுற்று. உங்கள் கூட்டாளி டைமன் ஜாக்கியை இறக்குகிறார். அடுத்தவர் டைமன் ஏழு. உங்களிடம் டைமன் பத்தும் எட்டும் இருக்கின்றன. எதைப் போடுவீர்கள்? ஜாக்கிக்கு மேல் டைமனில் சீட்டு இல்லை. பத்தைக் கொடுத்தால் 4 புள்ளி உங்கள் ஜோடிக்கு. ஆனால் கடைசி ஆளிடம் டைமன் இல்லாவிட்டால், துருப்பால் வெட்டி நாலையும் அள்ளிவிடுவார். முதல் சுற்றில் அந்தப் பயம் குறைவு, துணிந்து கொடுங்கள். டைமன் மறுபடி வரும்போதோ, எட்டில் நாலு போயிருக்கும். மீதி யார் கையில் என்று யோசிக்காமல் புள்ளிச் சீட்டை விடக்கூடாது.

துருப்பை வைத்தவர், வேறு சீட்டு இருக்கும்போது, திறப்பதற்கு முன் அந்த இனத்தை இறக்க முடியாது. ஆகவே உங்கள் கூட்டாளி எந்த இனத்தைத் தொடாமலே இருக்கிறார் என்று கவனியுங்கள். பாதி ரகசியம் அங்கேயே கிடைக்கும்.

வாயால் கேட்டுவிடலாமே என்கிறீர்களா? கூடாது. இருமுவது, மூக்கைச் சொறிவது, கண்ணடிப்பது எல்லாமே கள்ளாட்டம். (இந்த விஷயத்தில் பெரியவர்கள்தான் மோசம்!) உலகப் போட்டிகளில் ஆடும் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டமும் ஜோடி ஆட்டம்தான். பெரிய போட்டிகளில் கூட்டாளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி மேசைக்குக் குறுக்கே தட்டி வைத்துவிடுவார்கள். 2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் பிரிட்ஜுக்கு முதன்முறையாக இடம் கிடைத்தது. ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் நம் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார். வயது என்ன தெரியுமா? 60, 56!

இன்னொரு வேடிக்கை. ஜாக்கியும் ஒன்பதும் உசத்தி என்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கமல்ல. டச்சுக்காரர்களின் 'கிளாவர்யாஸ்' ஆட்டத்திலும் துருப்பு இனத்தில் இந்த இரண்டும்தான் முதல். மூன்று இலை போட்ட கறுப்புச் சீட்டை நாம் கிளாவர் என்கிறோமே, அவர்களும் கிளாவர் என்றே சொல்கிறார்கள். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றார்களே, அதே டச்சுக்காரர்கள்தான்.

கேட்ட புள்ளியை எடுத்தால் 1 ஆட்டம் லாபம். எடுக்காவிட்டால் 2 நஷ்டம். ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். உட்காரும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். கேரளத்தில் மோசமாகத் தோற்றவர்கள் காதில் குணுக்கு மாட்டிக்கொண்டுதான் அடுத்த ஆட்டம் ஆட வேண்டும். உங்களுக்கும் அந்த நிலைமை வந்தால் பாட்டியின் பழைய பாம்படத்தைத் தேடாதீர்கள். ஒரு பலா இலையும் நூலும் போதும்!