பெயர்ப்பட்டை இல்லாத பழைய சைடு டிரம்

டீ ஆறுவதற்குள் ஆரம்பித்துவிடலாம், தம்பி. தாத்தாவின் பேண்டு செட்டில் இருந்த சைடு டிரம்மைப் பரணிலிருந்து இறக்கியிருக்கிறீர்கள். எந்தக் கம்பெனி என்று எங்கேயும் எழுதவில்லை. அமெரிக்க லுட்விக்கா, இங்கிலாந்துப் பிரிமியரா, மீரட் சரக்கா என்று கேட்கிறீர்கள். பொறுமையாகப் பார்த்தால் ஓரளவு சொல்லிவிடலாம்.

முதலில் ஒன்று: இப்போதைக்கு அதைத் துடைக்காதீர்கள், பாலிஷ் போடாதீர்கள். நாம் தேடுகிற தடயங்கள் அந்த அழுக்கிலும் துருவிலும்தான் இருக்கின்றன.

ஆடிக் கிருத்திகைக்கு நம் திருத்தணி மலைக்குக் காவடியோடு வருகிற பம்பையில் யாராவது கம்பெனி பெயரைத் தேடுகிறார்களா? மரத்தையும் தோலையும் வேலைப்பாட்டையும் பார்த்தே விவரம் தெரிந்தவர்கள் பேசுவார்கள். சைடு டிரம்மையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

உடம்பின் நடுவில் காற்று போக ஒரு சிறு துளை இருக்கும். பல அமெரிக்க டிரம்களில் பெயர்ப்பட்டையைப் பிடித்திருப்பது அந்தத் துளையில் இறுக்கிய உலோக வளையம்தான். பட்டை விழுந்துவிட்டாலும் அது மறைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாமல் நிறம் மாறாமல் இருக்கும். அந்த வடிவத்தைப் பாருங்கள். வட்டமாக இருந்தால் கிரெட்ச் ஒரு வாய்ப்பு. மேலே அகன்று கீழே குறுகினால் 1960களின் லுட்விக் ஒரு வாய்ப்பு. பட்டை இருந்த சுவடே இல்லையென்றால், முதலிலிருந்தே பெயரில்லாமல் விற்ற டிரம்மாக இருக்கலாம். வேறு வியாபாரிகளின் பெயரில் விற்பதற்கென்றே டிரம் செய்து கொடுத்த கம்பெனிகள் அமெரிக்காவிலும் இருந்தன, ஜப்பானிலும் இருந்தன.

அடுத்து, உலோக உடம்பென்றால் ஒரு காந்தம் எடுத்து அதில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ அலுமினியமாகவோ இருக்கும். எடையை வைத்தே இரண்டையும் பிரித்துவிடலாம். லுட்விக்கின் பெயர்பெற்ற 1960களின் சூப்ராபோனிக், குரோம் பூசிய அலுமினியம். அந்தப் பூச்சு காலப்போக்கில் கொப்புளித்துப் புள்ளி விழும். அந்தக் கொப்புளமும் ஒரு சாட்சிதான்.

மர உடம்பென்றால் தோலைக் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். ஒரே பலகையை ஆவியில் வளைத்துச் செய்ததா, மெல்லிய பலகைகளை ஒட்டியதா என்று பாருங்கள். ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியின் ரேடியோ கிங், ஒரே மேப்பிள் பலகையை வளைத்த வேலை. கிரெட்ச் பல டிரம்களின் உட்புறத்தில் வெள்ளி நிறம் பூசியது. லுட்விக் சிலவற்றில் உள்ளே தேதி முத்திரை குத்தியது. மையில் தமிழோ தெலுங்கோ எழுதியிருந்தால் அது பேண்டு செட்டின் பெயராக இருக்கும். 1960 ஏப்ரலில்தான் நம் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இரண்டு மொழியும் புழங்கிய இடம். அந்த எழுத்து டிரம்மை வைத்திருந்தவரைச் சொல்லும், செய்தவரைச் சொல்லாது. விற்ற கடையின் பட்டையும் அப்படியே. சென்னையில் 1842 முதல் நடக்கிற மியூசி மியூசிகல் போன்ற கடையின் சீட்டு கிடைத்தால், வாங்கிய இடமும் காலமும்தான் தெரியும்.

அடுத்தது திருகுகள். தோலை இறுக்குகிற ராடுகளில் ஒன்றைக் கழற்றி, ஓர் அங்குலத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள். அமெரிக்க டிரம்களில் வழக்கமாக 24 இருக்கும். ராடின் தடிமன் சுமார் 5.5 மில்லிமீட்டர். மரை வேறாக இருந்தால் ஐரோப்பா, இங்கிலாந்து, இந்தியா பக்கம் தேட வேண்டும். ஆனால் ராடு மட்டும் பின்னால் மாற்றியதாக இருக்கலாம். அதனால் உடம்பிலேயே இருக்கிற, ராடு போய்த் திருகுகிற லக்கின் மரையோடு அது பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். கீழ்க் கம்பியை இழுத்து விடுகிற ஸ்ட்ரெயினரையும் கழற்றி அடியில் பாருங்கள். பெயரோ காப்புரிமை எண்ணோ வார்த்திருக்கலாம்.

தோலைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். பிளாஸ்டிக் தோல் 1950களின் கடைசியில்தான் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் கன்றுத்தோல். பழைய டிரம்மில் புதுத் தோல் போடுவது சகஜம்.

இனி நம் பக்கம். பேண்டு வாத்தியங்களுக்கு இந்தியாவில் பேர்போன இடம் உத்தரப் பிரதேசத்து மீரட். அங்கே ஜலி கோத்தி பகுதி. 1885-ல் நாதிர் அலியும் இமாம் பக்ஷும் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அங்கே முதன்மையானது. ராணுவ பேண்டுகளின் தேவையில் வளர்ந்த தொழில் அது. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையானபோது, கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் வாசித்தவர்களுக்கு உள்ளூர் டிரம்தான் கைக்கு எட்டியது. துளைகளின் இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக இருப்பது, தகட்டின் சேர்மானத்தில் கையால் பற்றவைத்தது தெரிவது, லக்குகள் அச்சுப்பிசகாமல் ஒன்றுபோல் இல்லாதது ஆகியவை சேர்ந்து தெரிந்தால் பட்டறை வேலை என்று நினைக்க இடமுண்டு. எந்தப் பட்டறை என்பதற்கு அதே வார்ப்பு லக் உள்ள, பெயர் தெரிந்த இன்னொரு டிரம் வேண்டும்.

ஒரே ஒரு தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. லுட்விக் லக் இருப்பதால் மட்டும் அது லுட்விக் ஆகிவிடாது. உடைந்த டிரம்மிலிருந்து பாகத்தை எடுத்து மாட்டுவது எல்லா பேண்டு செட்டிலும் நடப்பது. உடம்பில் வேண்டாத பழைய ஓட்டைகள் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கலாம். உடம்பு, லக், ஸ்ட்ரெயினர் மூன்றும் ஒரே பக்கம் கை காட்டினால் பெயரை உறுதியாகச் சொல்லுங்கள். இரண்டு காட்டினால் 'இருக்கலாம்' என்று சொல்லுங்கள். அதற்கும் குறைவென்றால் 'பெயர் தெரியாத பட்டறை' என்று எழுதி வையுங்கள். அது தோல்வி இல்லை. வெளிநாட்டுப் பெயருக்கு ஆசைப்பட்டு ஒரு மீரட் தொழிலாளியின் உழைப்பை மறைப்பதுதான் தவறு.

கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கழற்றிய பழைய ஆணிகளை ஒரு பையில் கட்டி டிரம்மோடு வையுங்கள். முக்கியமாக, தாத்தாவோடு வாசித்தவர்கள் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எங்கே வாங்கினார்கள், யார் பழுது பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், தம்பி. டிரம் இன்னும் பல வருஷம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.