தூவும் நீரின் கணக்கு

கடலூர் மாவட்டத்துக் கம்மாபுரத்தின் மேற்கே பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலமும், வடகிழக்கே பழுப்பு நிலக்கரியை நம்பி எழுந்த நெய்வேலியும் அமைந்துள்ளன. 1956-இல் நிறுவப்பட்ட நெய்வேலி நிறுவனம் சோவியத் உதவியுடன் 1962-இல் அனல்மின் உற்பத்தியைத் தொடங்கிய நாள்முதல் அங்கு நீருக்கு இரண்டு கடமைகள் உண்டு: மின் உற்பத்தியில் எஞ்சும் வெப்பத்தைக் காற்றில் போக்குவது ஒன்று, தானே தீப்பற்றும் இயல்புடைய எரிபொருளைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் பெரும்பாலும் பேசப்படுவது பம்புகளின் ஆற்றலே எனினும், பம்பு கொண்டுவந்து சேர்த்த நீர் பயன்படுமா வீணாகுமா என்பதைத் தீர்மானிப்பவை, மோட்டாரோ மின்சாரமோ மனிதரின் கட்டளையோ இன்றி, தம் வடிவத்தாலும் புவியீர்ப்பாலும் நீரழுத்தத்தாலும் மட்டுமே நீரைப் பகிரும் அசையாத சிறு உறுப்புகள்தாம். பொறியாளர்கள் இவற்றைப் ‘பாசிவ்’ வகை என்பர்.

ஒரு லிட்டர் நீர் ஒரே உருண்டையாகத் திரண்டு நின்றால் அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 0.05 சதுர மீட்டர். அதே நீர் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறினால் மேற்பரப்பு 6 சதுர மீட்டராகிவிடுகிறது. நீர் ஆவியாவது காற்றைத் தொடும் பரப்பில் மட்டுமே என்பதாலும், ஆவியாகும் ஒவ்வொரு பங்கும் மீதமுள்ள நீரிலிருந்து வெப்பத்தைப் பறித்துச் செல்வதாலும், நூற்றில் ஒரு பங்கு நீர் ஆவியானாலே எஞ்சியது சுமார் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துவிடும். நீரைத் தூவுவதன் கணக்கு முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

மின்நிலையங்களின் அடையாளமாகத் தொலைவிலிருந்தே தெரியும், இடை சிறுத்த பெரிய கான்கிரீட் கோபுரங்கள் புகைபோக்கிகள் அல்ல. அவற்றின் உச்சியிலிருந்து எழும் வெண்மூட்டம் புகையும் அன்று, நீராவி குளிர்ந்து உண்டாகும் நுண்துளிகளே. நெதர்லாந்துப் பொறியாளர் வான் இட்டர்சன் முதல் உலகப்போர்க் காலத்தில் வகுத்த இவ்வடிவத்தின் உட்புறம் பெரும்பாலும் வெறும் கூடே. வேலை நடப்பது அடிப்பகுதியில் சில மீட்டர் உயரத்துக்குள்தான். டர்பைனைச் சுழற்றிய நீராவியை மீண்டும் நீராக்கும் கண்டென்சரிலிருந்து சூடாகத் திரும்பும் நீர், கோபுரத்தினுள் ஏறிக் கால்வாய்களிலும் குழாய்களிலும் பரவி, அவற்றின் அடியிலுள்ள நாசில்கள் வழியாகத் தன் எடையாலேயே கீழே விழுகிறது. ஒவ்வொரு நாசிலின் கீழும் பல்வெட்டிய சிறு தட்டு ஒன்று தொங்க, விழும் தாரை அதன்மேல் மோதிக் குடைபோல் விரிந்து, கீழே அடுக்கப்பட்டிருக்கும் நிரப்புத் தகடுகளின்மீது பரவுகிறது. வெம்மையும் ஈரமும் ஏறிய காற்று இலேசாகி மேலெழ, அதன் இடத்தை நிரப்ப வெளிக்காற்று அடிவழியே நுழைவதால், இங்கே மின்விசிறிக்கும் தேவையில்லை.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் சமப் பங்கீட்டில் உள்ளது. துளை வழியே பாயும் நீரின் வேகம் அதன் மேல் நிற்கும் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். அதாவது கால்வாயில் மட்டம் 10 விழுக்காடு வேறுபட்டாலும் நாசிலில் பாயும் அளவு சுமார் 5 விழுக்காடே மாறும்; மட்டத்தின் ஏற்றத்தாழ்வைத் துளையே ஓரளவு விழுங்கிக்கொள்கிறது என்பதால், தனித்தனி வால்வுகளின்றிப் பகிர்வு நடைபெறுகிறது. ஆனால் ஒரு நாசில் அடைபட்டால் இழப்பு அந்த இடத்தோடு நிற்பதில்லை. நீர் விழாத பகுதியில் தடை குறைவாதலால் காற்று அவ்வழியையே நாடி, எவ்வேலையும் செய்யாமல் மேலே போய்விடுகிறது. அடைபட்ட நாசில்கள் பலவானால் நீர் போதிய அளவு குளிராமல் கண்டென்சருக்குத் திரும்ப, அதனுள் நிலவும் வெற்றிடம் குறைந்து, அதே மின்சாரத்துக்குக் கூடுதல் நிலக்கரி எரிக்கவேண்டி வருகிறது.

பீங்கானுக்கும் இத்துறையில் ஓர் இடமுண்டு. அமிலத் தொழிற்சாலைகளின் கோபுரங்களில் உலோகம் அரிக்கப்படும் என்பதால், உயரமும் விட்டமும் சமமான பீங்கான் வளையங்களைக் கொட்டி நிரப்பும் முறையை ஜெர்மானிய வேதியியலர் ராஷிக் 1914-ஐ ஒட்டிக் கொண்டுவந்தார். எப்படி விழுந்தாலும் இடைவெளி விட்டே கிடக்கும் அவ்வளையங்களின்மேல் திரவம் மெல்லிய படலமாக இறங்கும். இருப்பினும் அது நாளடைவில் சுவரோரம் ஒதுங்கிவிடும் குணமுடையதாதலால், இடையிடையே மறுபகிர்வுத் தட்டுகளை வைத்து அதனை நடுவுக்குத் திருப்பவேண்டியிருக்கிறது.

தீயணைப்பில் கணக்கு சற்று மாறுகிறது. துளி மிகச் சிறிதானால் தீயிலிருந்து எழும் வெப்பக்காற்று அதனை மேலே தூக்கி எறிந்துவிடும். மிகப் பெரிதானால் வெப்பத்தை உண்ணுமுன் தரையில் விழுந்து ஓடிவிடும். கூரையில் பொருத்தப்படும் ஸ்பிரிங்க்ளரின் அடித்தட்டு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட துளிகளை உருவாக்கும்படி வெட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் பார்மலீ 1870-களில் தொடங்கி, கிரின்னல் அடுத்த பத்தாண்டில் செம்மையாக்கிய இக்கருவியின் இன்றைய பரவலான வடிவத்தில், நீர்வழியை அடைத்து நிற்பது திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழ் மட்டுமே. வெப்பத்தால் உள்ளிருக்கும் திரவம் விரிந்து கண்ணாடியை உடைக்கும். செந்நிறத் திரவமுள்ள குமிழுக்கு இது 68 டிகிரியில் நிகழும். திரைப்படங்களில் காட்டுவதுபோல் கட்டடம் முழுவதும் ஒருசேர மழை பொழிவதில்லை. தீயின் வெம்மை எட்டிய குமிழ்கள் மட்டுமே உடையும். அழகுக்காகக் குமிழ்மீது பெயின்ட் பூசுவது கருவியைச் செல்லாக்காசாக்கும் செயல்.

பழுப்பு நிலக்கரி காற்றுபட்ட நிலையில் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து சூடேறி, அச்சூடு வெளியேற வழியின்றி உள்ளே தேங்கினால் தானே கனலத் தொடங்கும். அதனைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டில் தீ வேகமாகப் பரவும் என்பதால், இத்தகைய கன்வேயர்களில் குமிழில்லாத் திறந்த நாசில்களை வரிசையாக அமைத்து, வெப்பத்தை உணரும் குமிழ் ஒன்று உடைந்ததும் ஒரே வால்வு திறந்து அப்பகுதி முழுவதும் நனையுமாறு செய்வது வழக்கம். எண்ணெய் நிறைந்த டிரான்ஸ்பார்மர்களுக்கோ விசைமிக்க பெருந்துளிகள் தேவை. அவை எண்ணெய்ப் பரப்பில் அறைந்து அதனோடு கலந்து, எளிதில் எரியாத பால்மமாக மேற்பரப்பை மாற்றுகின்றன.

நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தும் நிலத்தடி நீரை இறைத்தால்தான் சுரங்கம் வெட்ட முடியும். அந்நீர் மின்நிலையங்களுக்கும் பயன்படுகிறது. சுற்றுவட்டாரக் கிணறுகளின் மட்டம் இதனால் இறங்கியது என்பது இப்பகுதி உழவர்களின் நெடுநாள் குறை. எந்த நீரானாலும், கோபுரத்தில் திரும்பத்திரும்பச் சுற்றி ஆவியாகும்போது உப்புகள் தங்கிச் செறிந்து நாசில்களில் படிவமாக ஒட்டும். தீயணைப்புக் குழாய்களிலோ நீர் அசையாமல் ஆண்டுக்கணக்கில் நிற்பதால் துரு கட்டிப் பாதை குறுகும். இக்குறை முதலில் வெளிப்படும் இடம் பம்பின் அருகில் அன்று, கடைமடையில்தான். ஸ்பிரிங்க்ளர் குழாயமைப்பைச் சோதிக்கும் வடிகுழாயை நீர் சென்றுசேரக் கடினமான தொலைமுனையிலேயே பொருத்துவது இதனால்தான்.