நூற்பாலையும் பகடைக்காயும்

புதுக்கோட்டை வட்டாரத்து மாணவர்களுக்குக் கண்மாயின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. வானம் பார்த்த பூமி நம்முடையது. மழை சில நாட்களில் கொட்டும். பல நாட்கள் பொய்க்கும். பயிரோ நாள் தவறாமல் நீர் கேட்கும். ஆண்டு மழையின் சராசரி போதுமானதே என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் நாற்று கருகிவிடும். ஒழுங்கற்ற வரவிற்கும் ஒழுங்கான தேவைக்கும் நடுவே நின்று காப்பது கண்மாய். கவிநாட்டுக் கண்மாய் முதல் சிற்றூர்க் குளம் வரை யாவும் இந்த உண்மையை உணர்ந்தவர்கள் அமைத்தவை. கண்மாய் மிகச் சிறியதாயின் வந்த நீர் கலிங்கு வழியே போய்விடும். மிகப் பெரியதாயின் விளைநிலம் வீணாகும். அது எவ்வளவு பெரியதாக இருத்தல் வேண்டும்? இதே கேள்வி நூற்பாலைக்குள்ளும் எழுகிறது என்பதையே இன்று சொல்லப் புகுகிறேன்.

பஞ்சு நூலாவதற்குப் பல கட்டங்களைக் கடக்கிறது. முதலில் பொதியைப் பிரித்துக் குப்பை நீக்குகிறார்கள். அடுத்து, கார்டிங் எந்திரம் இழைகளைச் சிக்கெடுத்துக் கயிறு போன்ற மெல்லிய பஞ்சுத் திரியாக்குகிறது. அத்திரி, கேன் எனப்படும் உயரமான உருளைக் கலங்களில் சுருண்டு விழுகிறது. கேன்கள் டிராயிங் எந்திரத்திற்குச் செல்கின்றன. அங்கே பல திரிகள் ஒன்றாக இழுக்கப்பட்டுச் சீராகின்றன. பின்னர் சிம்ப்ளெக்ஸ் எந்திரம் திரியை மேலும் மெலிதாக்குகிறது. ரிங் பிரேமின் கதிர்கள் முறுக்கேற்றி நூலாக்குகின்றன. இறுதியில் நூல் கோன்களில் சுற்றப்படுகிறது. ஒரு கட்டத்தின் விளைவே அடுத்த கட்டத்தின் உணவு.

எல்லாக் கட்டங்களுக்கும் சம ஆற்றலுள்ள எந்திரங்களை அமைத்துவிட்டால் ஓட்டம் தடையின்றி நடக்கும் என்று தோன்றும். நடைமுறை அவ்வாறு இல்லை. திரி அறுகிறது, கேன் மாற்ற நேரமாகிறது, மின்சாரம் நிற்கிறது, பழுது நேர்கிறது. ஆகவே ஓரிடத்தில் கேன்கள் குவிந்து நடைபாதையை அடைக்கின்றன. வேறோரிடத்தில் எந்திரம் வெறுமனே நிற்கிறது. அதன் அருகில் நிற்கும் தொழிலாளியைப் பார்த்து, 'சோம்பி நிற்கிறான்' என்று மேற்பார்வையாளர் முடிவுகட்டிவிடுகிறார். அந்த முடிவு சரிதானா?

இதனை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பல்லாங்குழிப் பலகையில் ஒரு குழி, ஒரு பிடி புளியங்கொட்டை, ஆறு முகமுள்ள பகடைக்காய் ஒன்று, இவை போதும். ஒரு கொட்டை ஒரு கேன். ஒரு சுற்று ஒரு மணி நேரம். முதல் மாணவன் கார்டிங். பகடையில் விழுந்த எண்ணிக்கைக்குக் கொட்டைகளைக் குழியில் இடுவான். இரண்டாம் மாணவன் டிராயிங். தன் பகடை காட்டும் அளவிற்கு எடுப்பான். ஆனால் குழியில் இருப்பதற்கு மேல் எடுக்க இயலாது.

ஆறு சுற்றுகளில் முதல்வனுக்கு 2, 6, 1, 3, 5, 4 என்றும், இரண்டாமவனுக்கு 5, 1, 4, 2, 6, 3 என்றும் விழுந்ததாகக் கொள்வோம். இருவர் கூட்டுத்தொகையும் 21. ஆற்றலில் ஏற்றத்தாழ்வு சிறிதும் இல்லை. ஆயினும் முதல் சுற்றில் இரண்டாமவன் ஐந்து எடுக்க வல்லவனாயிருந்தும் குழியில் இருந்தவை இரண்டே. மூன்று கொட்டைக்குரிய உழைப்பு வீணாயிற்று. பின்னர்ச் சுற்றுச் சுற்றாகக் கணக்கிட்டுப் பாருங்கள், அவன் எடுப்பவை 2, 1, 4, 2, 6, 3, ஆக 18. மூன்று கொட்டைகள் குழியிலேயே தங்கிவிடுகின்றன. இப்பொழுது சொல்லுங்கள், அந்தக் குறைவுக்கு இரண்டாமவன் சோம்பலா காரணம்?

அதே ஆட்டத்தைத் தொடக்கத்திலேயே மூன்று கொட்டைகளைக் குழியில் இட்டு ஆடுங்கள். பகடை எண்களை மாற்ற வேண்டாம். இம்முறை 21-உம் கைக்கு வந்துவிடும். அந்த மூன்றே ஆலைக்குள் உள்ள கண்மாய். எந்திரத்தை விரைவுபடுத்தாமலும், தொழிலாளியைக் கடிந்துகொள்ளாமலும் விளைவு பெருகிற்று.

இவ்வாறு உண்மைச் செயலைப் போன்ற ஒன்றை நடத்திப் பார்த்து அதன் போக்கை அறிவதைப் பாவனை முறை எனலாம். அறிவியலார் சிமுலேஷன் என்பர். இதற்குத் தற்செயல் எண்கள் தேவை. அவற்றை அட்டவணையாக அச்சிட்டுத் தந்தவர் ஒரு பஞ்சாலை ஆராய்ச்சியாளர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிப்பெட் என்பார், மக்கள்தொகைக் கணக்கேடுகளிலிருந்து 41,600 இலக்கங்களைத் திரட்டி 1927-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1930-களில் அவரே இன்னொரு வழியும் வகுத்தார். தறிக்கூடத்தில் நடந்து செல்லும்போது கண்ணிற்பட்ட தறி ஓடுகிறதா நிற்கிறதா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். 500 முறை நோக்கியதில் 60 முறை நின்றிருந்தால், தறி ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு நேரம் நிற்கிறது என்று அறியலாம். கடிகாரம் பிடித்து நாள் முழுதும் காவல் இருக்க வேண்டுவதில்லை.

1946-ஆம் ஆண்டில் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்னும் கணித அறிஞர் நோயிலிருந்து தேறிவந்த காலத்தில் தனியே சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் கைகூடும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரத்தால் கணிக்க முயன்று அலுத்தவர், பலமுறை ஆடி எண்ணிவிட்டால் என்ன என்று சிந்தித்தார். அவரும் ஜான் வான் நாய்மனும் அந்தச் சிந்தனையைக் கணிப்பொறியில் ஏற்றினர். பின்னர், பிரிட்டனின் எஃகு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்த டாக்கர் என்பார், ஆலைகளின் இயக்கத்தைக் கணிப்பொறியில் நடத்திப் பார்ப்பதற்கான பொது நிரல் ஒன்றை 1960-ஆம் ஆண்டையொட்டி ஆக்கினார். நாம் ஆறு சுற்று ஆடும் நேரத்தில், இக்காலக் கணிப்பொறி பல மாதத்து ஆலை ஓட்டத்தை ஆடிக் காட்டிவிடும்.

நமது ஆட்டத்தில் மூன்று கொட்டை போதுமாயிருந்தது. பகடை வேறு வரிசையில் விழுந்தால் போதாமலும் போகலாம். ஆகவே ஒருமுறை ஆடி முடிவு செய்தல் தகாது. நூறுமுறை, ஆயிரமுறை ஆடிப் பார்த்தல் வேண்டும். அப்படியானால் கேன்களை ஏராளமாகக் குவித்துவிடலாமே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். குவியலுக்கும் விலையுண்டு. ஓரிடத்தில் சராசரியாக 60 கேன்கள் நிற்க, மணிக்கு 20 கேன்கள் கடந்து சென்றால், ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று மணி நேரம் காத்துக் கிடக்கிறது. எளிதாகத் தோன்றும் இவ்விதியை 1961-ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் என்பார் முறைப்படி நிறுவினார். காத்துக் கிடக்கும் பஞ்சு முடங்கிய முதல். அதன்மேல் தூசியும் படியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாவனைக்குள் பொய்க்கணக்கை இட்டால் பொய்விடையே வெளிவரும். எந்திரம் எத்தனை முறை நிற்கிறது, சீர்செய்ய எவ்வளவு நேரமாகிறது என்பவற்றை முதலில் நேரில் அளக்க வேண்டும். பிறகு, சென்ற வாரம் ஆலையில் உண்மையாக நடந்ததைப் பாவனை ஏறக்குறைய அப்படியே காட்டுகிறதா என்று ஒப்பிட வேண்டும். ஒப்பவில்லையானால் அதனை நம்பி ஓர் எந்திரத்தையும் இடம் மாற்றலாகாது. ஆலையின் இத்தகைய அளவைகளை ஆராய்வதற்கு நம் மாநிலத்திலேயே, கோயம்புத்தூரில், 1956-ஆம் ஆண்டில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது.

மாணவர்களே, உங்களில் சிலர் நாளை ஆலைகளில் மேற்பார்வையாளர்களாகவும் பொறியாளர்களாகவும் அமர்வீர்கள். வெறுங்கையோடு நிற்கும் ஒரு தொழிலாளியைக் காணும்போது, அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பு, அவருக்கு முந்திய குழியில் கொட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.