வண்டி முகப்பில் ஒட்டிய பூச்சிகள்

உதகை சென்று மைசூர் திரும்பும் நண்பர்கள் அறிவர்: வீடு சேர்வதற்குள் வண்டியின் முகப்பெங்கும் பூச்சிகள் அப்பிக் கிடக்கும். 2009 முதல் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 மணிக்குப் பொதுவாக மூடப்படுவதால், அந்தியில் விரைவோர் பலர். பூச்சிகள் மொய்க்கும் வேளையும் அதுவே.

அவை இப்படி ஒட்டிக்கொள்ளக் காரணம் யாது? பூச்சியின் குருதியில் புரதம் உண்டு. காற்றுப் பட்டதும் அது உறைந்து, கருத்து, இறுகுகிறது. மறுநாள் வெயிலில் தகடு சுட்டதும், சட்டியில் காய்ந்த முட்டைபோல் பிடித்துக்கொள்கிறது. நாட்பட்டால் வண்ணப்பூச்சையும் அரிக்கும்.

சுரண்டலாமா? கூடாது, வண்ணப்பூச்சில் கீறல் விழும். முட்டைச் சட்டியை ஊறவைத்துத்தானே கழுவுகிறோம்? இங்கும் அதுவே வழி. வண்டி ஆறியபின், சோப்பு நீரில் நனைத்த துணியை முகப்பின்மேல் பத்து நிமிடம் போர்த்துக. பின் மெல்லத் துடைத்து, நல்ல நீரால் கழுவுக.

கண்ணாடியிலோ இன்னும் கவனம் தேவை. நீர் தெளிக்காமல் வைப்பரை ஓட்டினால் கறை பரவும். எதிர்வண்டியின் விளக்கொளி அதில் சிதறினால், குறுக்கே வரும் மானும் தெரியாது, மனிதரும் தெரியார். காட்டுக்குள் வண்டியை நிறுத்தவும் கூடாது. ஆகவே புறப்படுமுன்பே வைப்பர் நீர்த்தொட்டியை நிரப்பிக்கொள்க.

அன்று ஒட்டியதை அன்றே கழுவுவோம், தோழர்களே!