கடற்கரையிற் கைத்தொலைபேசி

கைத்தொலைபேசி சமுதாயத்தை எவ்வாறு மாற்றுகின்றது என்று பல்கலைக்கழகங்களிற் பயில்வோர் பெரிதும் எடுத்தாளும் சான்று வடகேரளக் கடற்கரையினது. அங்கு அக்கருவி 1997 முதல் 2001 வரை பரவியகாலை, 15 கரைச்சந்தைகளின் மத்தி மீன் விலையை வாரந்தோறும் திரட்டிய பொருளியலறிஞர் றொபேட் ஜென்சன் தம் ஆய்வை 2007 இல் வெளியிட்டார். கடலில் நின்றவாறே மீனவர் விலை கேட்டறிந்தமையால், கரைக்குக் கரை வேறுபட்ட விலை ஏறக்குறைய ஒன்றாயிற்று. கொள்வாரின்றி மீன் வீணாதல் ஒழிந்தது. மீனவர் ஆதாயம் 8 சதவீதம் உயர, நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் தாழ்ந்தது. கணக்கு அழகியதே, அதனோடு நின்றுவிடின் பாதிக் கல்வியேயாம். ஜானகி சிறீனிவாசனும் ஜென்னா பரலும் கேரள மீனவரிடையே நேரிற்சென்று விசாரித்து 2013 இல் எழுதியதையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். படகுக்கும் வலைக்கும் ஏலத்தரகரிடம் கடன்பட்டோர், பிறதுறையில் விலை கூடுதலாயினும், அத்தரகர் நிற்கும் கரைக்கே மீனைக் கொணரக் கட்டுண்டிருந்தனர்.